லோர்காவின் பச்சைப் பாட்டு: அந்தப் பெண் எப்போது இறந்தாள்?

ஈரோட்டுக்காரி
ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஸ்பானிஷ் கற்க ஆரம்பித்து ரெண்டரை வருஷம் ஆச்சு, ஆன்லைன் வகுப்புதான். அடுத்த ஞாயிறு ஆளுக்கொரு கவிதை எடுத்து, மொழி, அணி, பண்பாடு மூன்றையும் சேர்த்து இருபது நிமிஷம் பேசணும். நான் எடுத்தது ஃபெதெரிகோ கார்சியா லோர்காவின் ‘ரொமான்சே சொனாம்புலோ’. தூக்கத்தில் நடப்பவர் கதைப்பாட்டு என்று சொல்லலாம். 1928ல் வந்த ‘ரொமான்செரோ ஹிதானோ’ (ஜிப்சிக் கதைப்பாட்டுகள்) தொகுப்பில் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகக் கதை: நிலா வெளிச்சத்தில் மாடிக் கிராதியில் ஒரு ஜிப்சிப் பெண். சதை பச்சை, முடி பச்சை, கண் குளிர்ந்த வெள்ளி. மலைப்பக்கமிருந்து ஒரு இளைஞன் ரத்தம் வடிய வருகிறான். ஒரு பெரியவரிடம் (அவளுடைய அப்பா என்றுதான் பலரும் கொள்கிறார்கள்) “என் குதிரைக்கு உங்கள் வீடு, என் சேணத்துக்கு உங்கள் கண்ணாடி, என் கத்திக்கு உங்கள் போர்வை, மாற்றிக்கொள்வோமா” என்று கேட்கிறான். இருவரும் மாடி ஏறுகிறார்கள். அவள் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கிறாள். குடித்துவிட்டு வந்த காவலர்கள் கதவை இடிக்கிறார்கள். தொடக்க வரிகள் திரும்ப வருகின்றன. முடிந்தது.

நான் எழுதிப்போன குறிப்பு இப்படி: பச்சை = மரணம், நிலா = மரணம், தண்ணீர் = மரணம், குதிரை = ஆசை. பார்த்துவிட்டு எங்கள் ஆசிரியை, “இது கவிதைக் குறிப்பா, மளிகைச் சீட்டா?” என்று கேட்டுவிட்டார். எங்கே தொடங்குவது என்று யாராவது சொல்லுங்களேன்.

நுணல்
ஞாயிறு, இரவு 9.32

லோர்காவே ஒரு உரையில் சொல்லியிருக்கிறார்: இந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று. எழுதின ஆளே கையை விரிச்சிட்டார். இருபது நிமிஷத்துல பத்தொன்பது நிமிஷம் மிச்சம் பண்ணுங்க.

கிரனாதாவாசி
ஞாயிறு, இரவு 11.05

நுணல், அவர் கையை விரிக்கவில்லை. கவிதையில் உள்ள மர்மம் அதைச் சொல்லுகிற கவிஞனுக்கும் மர்மம்தான் என்றார். அது வேறு.

ஈரோட்டுக்காரி, நான் ஆறு வருஷமாகத் தென் ஸ்பெயினில் கிரனாதாவில் இருக்கிறேன். லோர்கா பிறந்த ஃபுவெந்தே வாகேரோஸ் இங்கிருந்து பக்கம்தான். முதலில் வாயைச் சரி செய்துகொள்ளுங்கள். வகுப்பில் ‘வெர்தே’ என்று படிக்காதீர்கள், ஸ்பானிஷில் வி-யும் பி-யும் ஒரே ஒலி. முதல் வரி, பெர்தே கே தே கியேரோ பெர்தே (பெர்தே என்றால் பச்சை). அந்த ‘தே’யில் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ‘அது’ என்னும்போது தகரம் எவ்வளவு மெல்லிசாக வருகிறதோ, பெர்தேயில் அதே மென்மைதான். ஆங்கிலம் வழியாகக் கற்கிறவர்கள்தான் அங்கே ‘டே’ போட்டு முட்டுகிறார்கள்.

அடுத்து, அகராதி உங்களைக் கவிழ்க்கக்கூடிய சில இடங்கள்.

‘பாராந்தா’ என்ற சொல் போர்ச்சுகீசிய உறவுக்காரச் சொல் வழியே நமக்கு வராந்தாவாக வந்திருக்கிறது. ஆனால் ஸ்பானிஷில் அது வராந்தா இல்லை, கைபிடிக் கிராதி. அவள் நிற்பது விளிம்பில். வராந்தா என்று எழுதினால் ஈஸிசேர் போட்டு உட்காரவைத்துவிடுவீர்கள்! (கிராதியும் போர்ச்சுகீசியச் சொல்தான், அதைவிட நல்ல சொல் நமக்கில்லை.)

“லோஸ் புவெர்தோஸ் தே காப்ரா”விலிருந்து ரத்தம் வடிய வருகிறேன் என்கிறான். புவெர்தோ என்றால் துறைமுகம் என்று முதல் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். காப்ரா இருப்பது கோர்தோபா மாகாணத்தின் உள்நாட்டு மலைப்பகுதி. இங்கே புவெர்தோ கணவாய். கடத்தல்காரர்களும் வழிப்பறிக்காரர்களும் நடமாடிய கணவாய்கள் என்ற பழைய நினைவு அந்தப் பேருக்குப் பின்னால் இருக்கிறது. அவன் என்ன குற்றம் செய்தான் என்று பாட்டு சொல்லவே இல்லை, ஊர்ப்பேர் மட்டும் சாடை காட்டுகிறது.

கடைசியாக ‘அல்ஹீபே’. கிணறு இல்லை, தண்ணீர் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி. சொல் அரபி, கட்டுமான வழக்கமும் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தது. எங்கள் ஊர் அல்பைசின் மேட்டில் இன்றும் பல இருக்கின்றன. வேலை முடிந்து ஏறிப்போகும் வழியில் ஒன்று உண்டு: செங்கல் வளைவு, அதற்குள் இருட்டு, இருட்டின் அடியில் முகம் மாதிரி தெரியும் ஏதோ ஒன்று. பாட்டிலும் அவள் ஆடுவது “அல்ஹீபேயின் முகத்தின்மேல்” என்றுதான் இருக்கிறது. அந்தத் தொட்டிகளுக்கு அந்நாளில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தது அல்ஃபாகார் ஊற்றிலிருந்து. அந்த ஊற்றின் அரபிப் பெயருக்குக் கண்ணீர் ஊற்று என்று பொருள். 1936 ஆகஸ்டில் லோர்காவைச் சுட்டுக் கொன்றது அந்த வட்டாரத்தில்தான், விஸ்னாருக்கும் அல்ஃபாகாருக்கும் நடுவில். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. எட்டு வருஷம் முந்தி அச்சான பாட்டுக்கும் இதற்கும் முடிச்சுப் போடக் கூடாது என்று எனக்கே தெரியும். தொட்டியை எட்டிப் பார்க்கும்போது மட்டும் அது மறந்துபோகிறது.

பழைய வாத்தியார்
திங்கள், காலை 5.48

எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. யாப்பு கொஞ்சம் தெரியும். கிரனாதாவாசி தம்பி முன்பொருமுறை இங்கே போட்ட ஒலிப்பதிவைக் கேட்டு எண்ணிப் பார்த்தேன், ஒரு வரிக்கு எட்டு அசை. நம் நேரசை நிரையசை போல நீளம் பார்ப்பதில்லை, தலையை மட்டும் எண்ணுகிறார்கள். கட்டளைக் கலித்துறைக்கு ஒற்றை நீக்கிவிட்டு எழுத்தெண்ணுகிறோமே, ஏறக்குறைய அந்த முறை.

எதுகை எங்கே என்றுதான் தேடினேன். ராமாஸ், மொந்தாஞா, பாராந்தா, பிளாதா. மெய் எல்லாம் வேறு வேறு. உயிர் மட்டும் ஆ-அ, ஆ-அ என்று வந்துகொண்டே இருக்கிறது. நம்மிடம் உயிர் எதுகை என்று ஒன்று உண்டு, அடியின் இரண்டாம் எழுத்தில் உயிர் மட்டும் ஒத்துவருவது. அதையே தூக்கி வரியின் வாலில் கட்டியதுபோல் இருக்கிறது. ஒரு வரி விட்டு ஒரு வரிதான் ஒக்கிறது, அது ஏன் என்று விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இலக்கணப்பித்து
திங்கள், காலை 8.20

ஐயா, ஸ்பானிஷ் தெரியாமலே முக்கால்வாசியைப் பிடித்துவிட்டீர்கள். ரொமான்சே என்பது இடைக்காலத்திலிருந்து வாய்வழியாக வந்த கதைப்பாட்டு வடிவம். ஆதியில் அது பதினாறு அசை நீள வரி, நடுவில் ஒரு வெட்டு. வெட்டிய பாதிகளைத் தனி வரிகளாக எழுதும்போது இயைபு (வரி முடிவின் ஒலியொப்பு) இரட்டைப்படை வரிகளில் மட்டும் நிற்கும்.

லோர்கா இதை ஏட்டிலிருந்து மட்டும் எடுக்கவில்லை. 1920ல் மெனெந்தெஸ் பிதால் என்ற பேரறிஞர் நாட்டார் கதைப்பாட்டு சேகரிக்கக் கிரனாதா வந்தபோது, ஜிப்சிகள் வாழும் சாக்ரோமோந்தே பக்கம் கூடப் போனவர் இவர். அந்தப் பழம்பாட்டுகள் கதையின் நடுவில் தொடங்கும், நடுவிலேயே நின்றுவிடும். அந்த அறுந்த நூலை லோர்கா வேண்டுமென்றே வைத்துக்கொண்டார். கதை புரியாமல் தவிப்பது உங்கள் குறை இல்லை, ஈரோட்டுக்காரி. வடிவமே அப்படி.

ஈரோட்டுக்காரி
திங்கள், மதியம் 1.15

பஸ்ஸில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன், பக்கத்து சீட்டு அம்மா ஜபம் பண்றேன்னு நினைச்சிருப்பாங்க. “பெர்-தே-கே-தே-கியே-ரோ-பெர்-தே” எட்டு சரி. “எல் பார்கோ சோப்ரே லா மார்” (கடல்மேல் கப்பல்) ஏழுதான் வருது. “தெஹாந்தோ உன் ராஸ்த்ரோ தே லாக்ரிமாஸ்” (கண்ணீர்த் தடம் விட்டபடி) ஒன்பதோ பத்தோ வருது. லோர்கா தப்பு பண்ண மாட்டார்னு தெரியும், நான் எங்கே தப்பு பண்றேன்?

இலக்கணப்பித்து
திங்கள், மதியம் 1.40

கடைசி அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ‘மார்’ என்று அழுத்தத்திலேயே வரி முடிந்தால் ஒன்று கூட்டவேண்டும்: ஏழும் ஒன்றும் எட்டு. ‘லாக்ரிமாஸ்’ போல அழுத்தத்துக்குப் பிறகு இரண்டு அசை தொங்கினால் ஒன்று கழிக்கவேண்டும். தோ-உன் இரண்டும் உயிர் புணர்ந்து ஒரே அசை, ஆக ஒன்பது, கழித்தால் எட்டு. லாக்ரிமாஸில் நடு ‘இ’ கணக்கில் சேராது, அதனால் ஆ-அ இயைபும் கெடவில்லை. “ரத்தத் தடம் விட்டபடி, கண்ணீர்த் தடம் விட்டபடி” என்று அடுத்தடுத்த இரண்டு வரி. ரத்த வரி இயைபில்லாத வரி. கண்ணீர் வரிதான் இயைபில் வந்து உட்காருகிறது, அதுவும் கொஞ்சம் வால் நீண்டு. வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், யாரும் விளக்கமே கேட்க மாட்டார்கள்.

இனி உங்கள் மளிகைச் சீட்டுக்கு வருகிறேன். பச்சை எதைக் குறிக்கிறது என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் மூட்டை கட்டி வையுங்கள். சின்னச் சொற்களைப் பாருங்கள்.

இளைஞன் பேச ஆரம்பிக்கும்போது ‘சு காசா’, ‘சு எஸ்பேஹோ’ என்கிறான். உங்கள் வீடு, உங்கள் கண்ணாடி. மரியாதை. பெரியவர் ‘மொசீதோ’ என்று கூப்பிடுகிறார், தம்பி என்ற மாதிரி. பேரம் படியவில்லை. “நான் இப்போது நானில்லை, என் வீடும் என் வீடில்லை” என்கிறார் பெரியவர். நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள், பாட்டிலேயே பயங்கரமான வரி. அதற்குப் பிறகு இளைஞன், “மார்பிலிருந்து தொண்டை வரைக்கும் இருக்கிற காயம் தெரியலையா?” என்கிறான். அங்கே வினைச்சொல் ‘பேஸ்’. நீ பார்க்கிறாய். ‘நீங்கள்’ போய்விட்டது. பத்துப் பன்னிரண்டு வரிக்குள் மரியாதை உதிர்ந்துவிடுகிறது. சாகப்போகிறவனுக்கு உபசாரத்துக்கு நேரமில்லை.

அடுத்தது இன்னும் விசித்திரம். “மேலே ஏறவாவது விடுங்கள்” என்று கெஞ்சுகிற இடம், ‘தெஹாத்மே’. தமிழில் ‘விடுங்கள்’ என்று போட்டால் மரியாதை என்று நினைப்போம். ஸ்பெயினில் இந்த வடிவம் பன்மை. அவன் எதிரில் நிற்பது ஒரே ஒரு ஆள். பின் யாரைக் கெஞ்சுகிறான்?

தலைப்புக் கேள்விக்கும் பதில் ஒரு பெயரடையில்தான் இருக்கிறது. மாடியில் வரும் பேச்சில், எத்தனை தடவை உனக்காகக் காத்திருந்தாள், ‘காரா ஃப்ரெஸ்கா, நேக்ரோ பேலோ’, மலர்ந்த முகமும் கறுத்த முடியுமாக, இந்தப் பச்சைக் கிராதியில் என்று வருகிறது. உயிரோடு காத்திருந்தவளுக்கு முடி கறுப்பு. பாட்டின் நான்காவது அடியைத் தாண்டியதுமே நாம் பார்ப்பவளுக்கு முடி பச்சை. தொட்டியில் மிதப்பவளுக்கும் அதே வரி, அதே வெள்ளிக் கண். “பொருள்களெல்லாம் அவளைப் பார்க்கின்றன, அவளால் அவற்றைப் பார்க்க முடியவில்லை” என்று தொடக்கத்திலேயே சொல்லியாகிவிட்டது. என் கணக்கில் பாட்டு ஆரம்பிக்கும்போதே அவள் இல்லை.

கிரனாதாவாசி
திங்கள், இரவு 10.50

நேக்ரோ பேலோ பற்றி முழு உடன்பாடு. ஆனால் ‘ஆரம்பிக்கும்போதே இல்லை’ என்று ஆணி அடிக்காதீர்கள். தொடக்கத்தில் வினை எல்லாம் நிகழ்காலம்: கனவு காண்கிறாள், இன்னும் அங்கேயே இருக்கிறாள். நடுவில் “யார் வருவார்? எந்த வழியாக?” என்று கேள்வி வேறு. செத்தவளுக்கு எதிர்பார்ப்பு ஏது? இந்தக் கதைப்பாட்டுகள் காலத்தை இஷ்டத்துக்குக் குழைக்கும். “ஏறுகிறார்கள்” என்று சொல்லிவிட்டு இருபது வரிக்குள் “ஏறினார்கள்” என்கிறது. காத்திருந்தாள் என்பதையே பாருங்கள், முதலில் ‘எஸ்பெரோ’, அடுத்த வரியில் ‘எஸ்பெராரா’. இரண்டாவது வடிவம் பழங்கதைப்பாட்டு வாடை அடிக்கிற வினை, இன்றைக்குப் பேச்சில் வராது. ஒரு வரியில் நேற்றும் அடுத்த வரியில் ஐந்நூறு வருஷமும் காத்திருக்கிறாள்.

அந்தப் பேச்சு யாருடையது என்பதிலும் தகராறு உண்டு. “எங்கே உன் கசந்த பெண்?” என்று கேட்பவன் இளைஞன். “எத்தனை தடவை உனக்காகக் காத்திருந்தாள்” என்பது அப்பாவின் பதிலாகத்தான் இருக்கமுடியும். ஆனால் நடுவில் பேச்சாளர் மாறியதற்கான கோடு இல்லை. கேள்வியும் பதிலும் ஒரே மூச்சில் போகின்றன.

பழைய வாத்தியார்
செவ்வாய், காலை 5.30

காத்திருக்கும் பெண், நிறம் மாறிய உடம்பு என்றதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. பசலை. திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுக்க அதுதானே? “புல்லிக் கிடந்தேன் புடைபெயர்ந்தேன் அவ்வளவில் அள்ளிக்கொள் வற்றே பசப்பு.” பசப்பு, பசலை, பச்சை எல்லாம் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். தலைவன் வராத பெண்ணுக்குப் பசந்த மேனி.

ஈரோட்டுக்காரி
செவ்வாய், காலை 7.02

ஐயா!! இதையே தலைப்பா வச்சிடட்டுமா?

இலக்கணப்பித்து
செவ்வாய், காலை 7.45

வைக்காதீர்கள். படிக்கிற நமக்குள் அது எழுவது நியாயம், எனக்கும் சிலிர்த்தது. லோர்காவின் பச்சைக்கு அது காரணமாகாது. தவிர பசலை ஒரு தோல் நிறம். லோர்கா தோல் என்று சொல்லவில்லை, ‘கார்னே’ என்கிறார். சதை. கசாப்புக் கடையிலும் அதே சொல்தான். ‘பச்சை மேனி’ என்று தமிழில் எழுதினால் அலங்காரமாகிவிடும். உங்கள் முதல் பதிவில் சதை என்று எழுதியிருந்தீர்கள், அதுதான் சரி.

நுணல்
செவ்வாய், காலை 9.10

பச்சைக்கு நான் ஒண்ணு சொல்றேன். நம்ம ஊர்ல பச்சை பச்சையா பேசுறான்னா என்ன அர்த்தம்? ஸ்பானிஷ்லயும் ‘சீஸ்தே பெர்தே’ன்னா அசிங்க ஜோக். பழுக்காததும் அங்கே பெர்தே, இங்கேயும் பச்சைக் காய். பச்சைப் புள்ள, பச்சை ரணம், பச்சை ரத்தம்னு நாம போற தூரம் அவங்களும் போறாங்களான்னு தெரியலை. ஆனா ஆசை, பழுக்காதது, சாவு எல்லாத்தையும் ஒரே வார்த்தை தூக்கிட்டு நிக்குதுன்னா, சமக்குறி போட்டு ஒண்ணை மட்டும் எழுதினது உங்க தப்புதான்.

கிரனாதாவாசி
செவ்வாய், மாலை 6.25

நுணல் உருப்படியாக எழுதியதற்கு ஒரு கைதட்டல். முதல் வரியை மொழிபெயர்ப்பதில் உள்ள வம்பும் இதுதான். ‘கியேரோ’ என்றால் விரும்புகிறேன், வேண்டும், நேசிக்கிறேன் மூன்றும். “பச்சையே, உன்னைப் பச்சையாய் விரும்புகிறேன்” என்றால் தெளிந்துபோய் செத்துவிடுகிறது. “பச்சை, பச்சையாவே வேணும் நீ” என்று போட்டுப் பார்த்தேன். ஆசை வந்துவிட்டது, அந்தக் ‘கே’ கொடுக்கிற தாலாட்டு போய்விட்டது. யாரிடமாவது வேறு இருந்தால் கொடுங்கள்.

இன்னொன்று. மாடி ஏறியதும் காற்று வாயில் விடும் சுவை மூன்று: இயெல், மெந்தா, அல்பாகா. பித்தம், புதினா, அடுத்ததைத் துளசி என்று போடாதீர்கள். துளசி என்றால் கோயில் வந்துவிடும். அல்பாகா நம் திருநீற்றுப்பச்சிலை, ஜூஸ் கடை சப்ஜா விதையின் செடி. இங்கே கோடையில் ஜன்னல் தொட்டியெல்லாம் அதுதான். மலை ‘புளித்த’ கற்றாழைகளைப் பூனைபோல் சிலிர்க்கிறது, கடல் ‘கசந்த’ கடல், அவள் ‘கசந்த’ பெண். ஆக அவள் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே நாக்கில் பட்டுவிடுகிறாள்.

அத்திமரம் கிளைகளின் உப்புத்தாளால் காற்றைத் தேய்க்கிறது என்று ஒரு வரி வருகிறதே, அத்தி இலையைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அது அணியே இல்லை, வெறும் தகவல்.

நுணல்
செவ்வாய், இரவு 8.00

சரி, ஜிப்சின்னு ஒரு முழுத் தொகுப்பு போட்டாரே, அவர் ஜிப்சியா? பணக்கார வீட்டுப் பையன் நாடோடி வேஷம் கட்டினதுதானே?

கிரனாதாவாசி
செவ்வாய், இரவு 9.30

ஜிப்சி இல்லை. அந்தப் பேர் தன்மேல் ஒட்டிக்கொண்டதில் அவருக்கே எரிச்சல். 1927ல் கவிஞர் ஹோர்ஹே கியேனுக்கு எழுதிய கடிதத்தில், ஜிப்சிகள் எனக்கு ஒரு கருப்பொருள், அவ்வளவுதான் என்கிறார். இந்தத் தொகுப்பில் ஒரு பந்தெரேத்தா கூட, அதாவது சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டும் கஞ்சிரா கூட, கிடையாது என்று பிறகு உரையில் பெருமையடித்தார். இந்தப் பாட்டிலேயே “ஆயிரம் கண்ணாடிக் கஞ்சிராக்கள் விடியலைக் காயப்படுத்தின” என்று இருக்கிறது, பாருங்கள்! அதற்கு அர்த்தம் கேட்டால், தேவதூதர்கள் கையிலும் மரங்கள் கையிலும் அவற்றைப் பார்த்தேன், அதற்குமேல் சொல்லத் தெரியாது என்பதுதான் அவர் பதில்.

ஆனால் வேஷம் என்று ஒதுக்கவும் முடியாது. ஸ்பெயினில் ஹிதானோக்கள் (அங்குள்ள ஜிப்சிகள்) மேல் 1499லிருந்தே சட்டம்போட்டு நெருக்கியிருக்கிறார்கள், 1749ல் நாடு முழுக்க ஒரே நேரத்தில் பிடித்து அடைக்கப் பார்த்தார்கள். குவார்தியா சிவில் என்ற காவல்படை 1844ல் வந்தது. அந்த வீட்டுக் கதவை அந்தப் படை தட்டினால் என்ன பொருள் என்று அந்தாலூசிய (தென் ஸ்பெயின்) வாசகனுக்குக் குறிப்புரை தேவையில்லை. ஈரோட்டுக்காரி, தமிழில் சொல்லும்போது நரிக்குறவர் என்று மாற்றிவிடாதீர்கள், அவர்கள் வரலாறு வேறு. ஹிதானோ என்றே வையுங்கள்.

அந்தக் காவலர்களுக்கு ஒரு வரி முன்னால்தான் “இரவு ஒரு சின்னச் சதுக்கம்போல் நெருக்கமாயிற்று” என்று வருகிறது. பிணம் மிதக்கும் தொட்டி, அடுத்து மாலையில் ஊரே வந்து உட்காரும் சதுக்கம், அடுத்து குடிகாரக் காவலர். எனக்கு இங்கே வந்து ரெண்டு வருஷம் கழித்துத்தான் அந்த உவமை உறைத்தது.

ஈரோட்டுக்காரி
அடுத்த ஞாயிறு, இரவு 8.45

முடிஞ்சது. ‘சு’விலிருந்து ‘பேஸ்’க்கு மாறுகிற இடத்தில் ஆரம்பித்தேன். அதிலேயே பதினோரு நிமிஷம் போயிடுச்சு, ஏன்னா வகுப்பில் இருந்த ஒருத்தர் அவன் அப்பவே மயக்கத்தில் இருக்கான்னார், இன்னொருத்தர் கோபம்னார். ‘தெஹாத்மே’ யாரிடம் என்பதற்கு ஆசிரியை, “பார்த்துக்கொண்டிருக்கும் பொருள்களிடம் கேட்கிறானோ?” என்றார். எனக்குப் புல்லரிச்சுடுச்சு. அம்மா பின்கட்டிலிருந்து பறிச்சுக்கொடுத்த திருநீற்றுப்பச்சிலையை கேமரா முன்னால் காட்டினேன், வாசனை மட்டும் போகலை. பசலையைச் சொல்லலை ஐயா, கஷ்டப்பட்டு அடக்கிக்கிட்டேன். நேரம் முடிஞ்சதால் நிலா பக்கம் போகவே இல்லை.

நுணல்
அடுத்த ஞாயிறு, இரவு 8.52

அப்போ மளிகைச் சீட்டில் ஒரு ஐட்டம் பாக்கி.